ஜைத் (ரலி) அவர்கள் கற்ற மொழி



நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு வயது 11. அங்கிருந்த யூதர்களுடன் கடிதப் போக்குவரத்து இருந்தது. எழுதுவதற்கும் வந்ததைப் படிப்பதற்கும் பிறரை நம்ப வேண்டிய நிலை. எனவே அந்த எழுத்தைக் கற்கும்படி ஜைத் அவர்களிடம் நபியவர்கள் சொன்னார்கள். அரை மாதத்திற்குள் கற்றுக்கொண்டதாக அவர்களே அறிவிப்பது திர்மிதியில் இருக்கிறது. பின்னாளில் அபூபக்ர் (ரலி) காலத்தில் குர்ஆனைத் திரட்டும் பொறுப்பும் அவர்களிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு கல்வியும் ஒரே ஆளிடம்!

நாம்தான் பிரித்துவிட்டோம். மதரஸாக்களில் பாடத்திட்டத்தை மாற்றுவோம் என்றாலே சிலருக்குக் கோபம் வருகிறது. நம் அரபிக் கல்லூரிகள் பலவற்றின் பாடத்திட்டத்துக்கு வேர் தர்ஸே நிஜாமி. 18ஆம் நூற்றாண்டில் லக்னோ ஃபிரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அமைத்தது. (ஐரோப்பிய வணிகர் ஒருவர் இருந்த வீடு, அதனால் அந்தப் பெயர்.) தர்க்கம், தத்துவம், கணிதம் எல்லாம் அதில் இருந்தன. ஓதி முடித்தவர் காஜியாகவும் அரசு அலுவலராகவும் போக முடிந்தது. அன்றைய உலகத்துக்கு அது பொருந்தியது.

என் கதையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஆலிம் ஸனது வாங்கிய புதிதில் பள்ளிக்கு ஓர் அரபி வந்து மருந்துக்கடை எங்கே என்று கேட்டார். அவர் பேச்சில் நஹ்வு, ஸர்ஃபு எல்லாம் பிரித்துப் பார்க்க முடிந்தது. பதில்தான் வாயில் வரவில்லை. சவூதியில் ஓட்டுநராக இருந்து திரும்பிய நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் வழி சொல்லி அனுப்பினார்.

ஆனால் அந்தச் சகோதரருக்கு அரபியில் ஒரு பக்கம் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. சொன்ன சம்பளம் ஒன்று, கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது வேறொன்று. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடம் அந்தச் சம்பளத்திலேயே ஓட்டினார். எனக்குப் படிக்கத் தெரியும், பேசத் தெரியாது. அவருக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இப்படித்தான் பாதிப் பாதியாகப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம், அதுவும் பத்தாம் வகுப்போடு.

பாஸ்போர்ட் எடுக்கும் முன் பிளஸ் டூ முடிக்க விடுங்கள். ஓதுகிற பிள்ளையைப் பள்ளித் தேர்வும் எழுத வையுங்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களே! மஃரிபுக்குப் பின் மக்தபுக்கு வந்து கால் மணி நேரம் பிள்ளைகளோடு அரபியில் பேசுங்கள். பழைய ஒப்பந்தத் தாள் வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பிள்ளைகளை உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லித் தருகிறேன்.