சாவிக்கும் ஒரு கணக்கு உண்டு

செகந்திராபாத்தை அடுத்த லாலாகுடா, இரயிலோடு வளர்ந்த பகுதி. நிஜாம் காலத்து இரயில்வே 1893-இல் இங்கு நிறுவிய பெட்டிப் பணிமனை இன்றும் இயங்கி வருகிறது. அப்பகுதியில் வாழும் தமிழர் ஒருவர் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்; இரயில் போக்குவரத்துப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலை அவர் கிளைக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. முந்தைய வாரம், வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த அவரது கார் களவு போயிருந்தது. காவல் நிலையத்தில் உடனே புகார் அளித்து, முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பெற்றிருந்தார். ஆனால் காப்பீட்டு நிறுவனம் கேட்ட ஒன்றை மட்டும் அவரால் தர இயலவில்லை: காரின் இரண்டு அசல் சாவிகள்.

"ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்றொன்று, கடன் கொடுத்த உங்களிடம் இருக்குமோ என்று கேட்க வந்தேன்" என்றார்.

வாகனக் கடனுக்காக எங்கள் கிளை சாவியை வாங்கி வைப்பதில்லை. பதிவுச் சான்றில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இடம்பெறும். சாவி இரண்டும் உரிமையாளரிடமே இருக்கும். இரண்டாவது சாவியைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டோம். அவரால் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இன்று சாவி என்பது உலோகத் துண்டு மட்டும் அன்று. பையில் கிடக்கும் பொத்தான் சாவி, கைபேசிச் செயலியில் இடும் கடவு எண், சில நாடுகளில் கார்க் கதவிலேயே அழுத்தும் எண் பலகை ஆகிய யாவும் சாவிகளே. இவற்றின் வலிமை எதில் இருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பத்து இலக்கம், ஐந்து பொத்தான்

கார்க் கதவில் எண் பலகை வைக்கும் முறையை அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1980-ஆம் ஆண்டு மாடல்களில் அறிமுகப்படுத்தியது. ஐந்து இலக்க எண்ணை அழுத்தினால் சாவியின்றியே கதவு திறக்கும். ஐந்து இலக்கம் என்றால் 1,00,000 எண்கள் அமையும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அப்பலகையில் இருப்பவை ஐந்து பொத்தான்களே. 1, 2 இரண்டுக்கும் ஒரு பொத்தான், 3, 4 இரண்டுக்கும் ஒரு பொத்தான், இவ்வாறே ஏனையவையும். 1 அழுத்தினாலும் 2 அழுத்தினாலும் பூட்டுக்கு ஒன்றுதான். ஆகவே உண்மையில் அமையும் எண்கள் ஐந்தை ஐந்து முறை பெருக்கினால் வரும் 3,125 மட்டுமே.

ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே முயன்றால் 15,625 முறை அழுத்த வேண்டும். நொடிக்கு ஒன்றாக அழுத்தினாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கேதான் கணிதம் குறுக்கிடுகிறது. கடைசியாக அழுத்திய ஐந்தை மட்டுமே ஒரு பூட்டு நோக்குமாயின், 1-3-5-7-9-1 என்று ஆறு முறை அழுத்தினால் 13579, 35791 என்ற இரண்டு எண்களைச் சோதித்ததாகிவிடும். இவ்வாறு ஒன்றன் வால் மற்றொன்றின் தலையாக அமையுமாறு கோத்துச் செல்லும் வரிசைகள், அவற்றை 1946-இல் ஆராய்ந்து எழுதிய டச்சுக் கணித அறிஞர் டி ப்ரூய்ன் பெயரால் வழங்குகின்றன. அம்முறையில் 3,129 முறை அழுத்தினாலே 3,125 எண்களும் சோதிக்கப்பட்டுவிடும். நான்கு மணி நேர வேலை 52 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

தவறை எண்ணும் பூட்டு

இதனோடு நம் ஏடிஎம் அட்டையை ஒப்பிட்டுப் பார்ப்போம். அதன் கடவு எண் நான்கே இலக்கம். மொத்தம் 10,000 எண்கள்தான். ஆயினும் பொதுவாக மூன்று முறை தவறினால் அட்டை முடங்கிவிடும். கண்ட எண்ணை இட்டுப் பார்ப்பவருக்குள்ள வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று மட்டுமே. எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்று விடப்பட்ட பெரிய பூட்டைவிட, தவறுகளை எண்ணும் சிறிய பூட்டே வலியது. ஃபோர்டு நிறுவனமும் இதை உணர்ந்தே செயல்பட்டது. தொடர்ந்து 35 முறை தவறாக அழுத்தினால் பலகை ஒரு நிமிடம் இயங்காது என்று அதன் உரிமையாளர் கையேடுகள் கூறுகின்றன.

பூட்டு எண்ணினால் மட்டும் போதாது. நாமும் எண்ண வேண்டும். கதவுப் பலகையிலோ கைபேசித் திரையிலோ நான்கு இடங்களில் மட்டும் விரல் தடம் படிந்திருந்தால், அந்த நான்கு இலக்கங்களை வரிசைப்படுத்தும் வழிகள் வெறும் 24. மூன்று முயற்சி என்றால் வாய்ப்பு எட்டில் ஒன்றாகிவிடுகிறது. வண்டியின் பதிவு எண்ணையே கடவு எண்ணாக வைப்பவர்களை நாம் அறிவோம். அவர்கள் தம் இரகசியத்தை வண்டியின் முன்னும் பின்னும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

சாவிப் பதிவேடு

வங்கியின் காப்பறையை எந்த அலுவலரும் தனியே திறக்க இயலாது. இருவரிடம் உள்ள இரு வேறு சாவிகள் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். சாவி கைமாறும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், கையொப்பம் ஆகியவை பதிவேட்டில் ஏறும். மாற்றுச் சாவிகள் அக்கிளையிலேயே இருப்பதில்லை; வேறிடத்தில் முத்திரையிட்டுக் காக்கப்படுகின்றன. எஃகுக் கதவின் கனத்தைவிட இந்தப் பதிவேட்டையே நாங்கள் பெரிதும் நம்புகிறோம்.

இதைச் சொன்னபோது லாலாகுடா வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். "ஒற்றைத் தண்டவாளத்தில் நாங்களும் இதைத்தான் செய்தோம்" என்றார். நீல்ஸ் டோக்கன் கருவி என்பது இரு நிலையங்களிலும் மின்னிணைப்போடு இருக்கும். ஒரு டோக்கன் வெளியே இருக்கும் வரை இரு கருவிகளும் அடுத்ததைத் தாரா. கையில் டோக்கன் இல்லாமல் ஓட்டுநர் அப்பாதையில் வண்டியைச் செலுத்தக் கூடாது. அது மறுமுனைக் கருவியில் சேர்ந்த பிறகே அடுத்த வண்டிக்கு வழி. "முப்பத்து நான்கு வருடம் டோக்கன் யாரிடம் என்று கேட்டவன், என் கார்ச் சாவி யாரிடம் என்று கேட்காமல் விட்டேனே!" என்று வருந்தினார்.

இழப்பின் கணக்கு

பட்டியல் விலை 10 இலட்சம் ரூபாய் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 9 இலட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, 7 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 14,480 ரூபாய் செலுத்த வேண்டும். 24 தவணைகள் கட்டிய பிறகும் சுமார் 6.97 இலட்சம் நிலுவை இருக்கும். இரண்டு ஆண்டு கடந்த காருக்கு வழக்கமான தேய்மானம் 30 விழுக்காடு. எனவே காப்பீட்டு மதிப்பு 7 இலட்சம். கார் களவு போனால், முழுத் தொகை கிடைத்தாலும் கடன் தீரும். கையில் ஏதும் மிஞ்சாது.

முழுத் தொகை கிடைக்காவிட்டால்? சாவி வண்டியிலேயே விடப்பட்ட நிலையில் லாரி களவு போன வழக்கொன்றில், 75 விழுக்காடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. நம் எடுத்துக்காட்டில் அது 5.25 இலட்சம். மீதி 1.72 இலட்சம், இல்லாத காருக்காக உரிமையாளர் தம் கையிலிருந்து கட்டும் பணம். கார் போனாலும் தவணை நிற்காது என்பதையும் மறத்தலாகாது. வண்டி கடனுக்கு ஈடு. கடன் வாங்கியவரின் பொறுப்பு வண்டியோடு போய்விடாது.

நாம் செய்யத்தக்கவை

1. இரண்டு சாவிகளும் எங்கே உள்ளன என்று இன்றே பாருங்கள். ஒரு தாளில் நாளிட்டு எழுதுங்கள். ஓட்டுநருக்கோ உறவினருக்கோ கொடுத்தால் அதையும் குறியுங்கள்.

2. சாவி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மாற்றுச் சாவி செய்யும்போது தொலைந்த சாவியைச் செயலிழக்கச் செய்யுமாறு அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் கேளுங்கள். இரசீதைப் பாதுகாத்து வையுங்கள்.

3. காரின் செயலிக்கும் வங்கி அட்டைக்கும் ஒரே கடவு எண் வேண்டாம். பழைய காரை வாங்கினால், முந்தைய உரிமையாளரின் செயலி இணைப்பை நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். விற்கும்போது உங்கள் இணைப்பை நீங்களே நீக்குங்கள்.

4. கதவு திறந்தாலும் எஞ்சின் இயங்காதவாறு தடுக்கும் அமைப்பு பல கார்களில் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் காசோலைப் புத்தகத்தையும் மாற்றுச் சாவியையும் அது காக்காது. அவற்றைக் காரில் வைக்காதீர்கள்.

5. கார் களவு போனால் அன்றே காவல் நிலையத்துக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும் தெரிவியுங்கள். காவல் துறையிடம் உடனே புகார் செய்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காட்டி உரிமைக் கோரிக்கையை மறுக்கலாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனினும் தாமதம் செய்யாதிருப்பதே நன்று.

லாலாகுடா வாடிக்கையாளரின் இரண்டாவது சாவி மூன்று மாதங்களுக்குப் பின் கிடைத்தது. மகள் வீட்டுக்கு எடுத்துச் சென்ற பழைய பிஸ்கட் டப்பாவில், பொத்தான்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் இடையே கிடந்ததாம். கோரிக்கை பின்னர் தீர்ந்தது. அந்த மூன்று மாதத் தவணைகளை அவர் ஓய்வூதியத்திலிருந்து கட்டினார். இப்போது அவர் வீட்டு நாட்காட்டியின் பின்புறம் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது: எந்தச் சாவி, யாரிடம், எந்த நாள் முதல். நம் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கலாம். அதற்கு ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும்.