மூன்று ஊர், மூன்று லைசென்ஸ்

கேள்வி: ஐயா, இங்கிலாந்தில் ஸ்லவ் நகரில் மினிகேப் ஆபீஸ் நடத்துகிறேன். ஆபரேட்டர் லைசென்ஸ், கார்கள், டிரைவர்கள் எல்லாம் ஸ்லவ் கவுன்சிலின் பதிவு. மெய்டன்ஹெட்டிலும் லண்டன் ஹாரோவிலும் கிளை திறக்க எண்ணம். ஸ்லவ் கார்களையே மூன்று இடத்துக்கும் ஓட்டலாமா? "கார் எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்கிறார் என் மைத்துனர்.

பதில்: தங்கள் மைத்துனர் கூறியது பொய்யன்று, ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கோர்ட்டில் நிற்க முடியாது. முன்கூட்டிப் பதிவான சவாரிக்காக ஸ்லவ் கார் தன் எல்லையைத் தாண்டிப் போவதை மினிகேப்களுக்கான 1976ஆம் ஆண்டின் சட்டம் தடுப்பதில்லை என்றாலும், சவாரியை ஏற்ற ஆபரேட்டர், அதற்குப் போகும் கார், அதை ஓட்டும் டிரைவர் ஆகிய மூன்றுக்கும் லைசென்ஸ் கொடுத்தது ஒரே கவுன்சிலாக இருக்க வேண்டுமென்பது அச்சட்டத்தின் ஆதார நியமம். பர்மிங்ஹாம் கவுன்சில் சம்பந்தப்பட்ட டிட்டா வழக்கில் 1993இலேயே இது சந்தேகத்துக்கிடமின்றித் தீர்மானமாகிவிட்டது.

ஆகவே மெய்டன்ஹெட்டில் சவாரிகளை ஏற்பதற்கு வின்ட்ஸர்-மெய்டன்ஹெட் கவுன்சிலின் ஆபரேட்டர் லைசென்ஸும், ஹாரோவில் ஏற்பதற்கு, 1998ஆம் ஆண்டின் தனிச்சட்டப்படி, டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனின் லைசென்ஸும் அவசியம். கட்டணமும் பிற நிபந்தனைகளும் இடத்துக்கிடம் மாறும். அவற்றை அந்தந்த ஆபீஸிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனிச் சூட்சுமத்துக்கு வருவோம். 1976ஆம் ஆண்டின் சட்டத்துக்கு 2015 அக்டோபரில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, ஓர் ஆபரேட்டர் தாம் ஏற்ற சவாரியை வேறொரு கவுன்சிலின் லைசென்ஸ் பெற்ற ஆபரேட்டரிடம் ஒப்படைக்கலாம். ஒருவரே இரு கவுன்சில்களின் லைசென்ஸையும் வைத்திருப்பாராயின், அவை இரு வேறு மனிதர்களிடம் இருப்பதாகவே பாவிக்க வேண்டுமென்றும் அத்திருத்தம் விதிக்கிறது. வக்கீல்களுக்கே சற்று வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் பாவனைதான் தங்கள் வியாபாரத்துக்கு அச்சாணி. மெய்டன்ஹெட் ஆபரேட்டராகிய தாங்கள் ஸ்லவ் ஆபரேட்டராகிய தங்களிடமே சவாரியை ஒப்படைக்கலாம். ஆனால் அந்த ஒப்படைப்பு மெய்யாகவே நடந்திருக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு ஹீத்ரோ விமான நிலையம் போக வேண்டுமென்று மெய்டன்ஹெட் வாடிக்கையாளர் ஒருவர் இரவே சொல்லி வைக்க, அந்நேரத்தில் பணியிலிருக்கும் தங்கள் ஊழியர் கணினித் திரையில் பக்கத்தில் தெரிந்த ஸ்லவ் காரைத் தட்டி அனுப்பிவிட்டாரானால், அது குற்றத்தில் போய் முடியும். அதே சவாரி மெய்டன்ஹெட் ஏட்டில் ஏற்கப்பட்டு, பின்பு ஸ்லவ் லைசென்ஸின் கீழ் ஸ்லவ் ஆபீஸில் மறுபடியும் ஏற்கப்பட்டதற்கு நேரம் குறித்த பதிவு இருந்தால், அதே காரும் அதே டிரைவரும் சட்டப்படி போய் வரலாம். கிளைகள் அனைத்தையும் ஒரே திரையில் காட்டுவதாக மென்பொருள் விற்பவர்கள் பெருமையடிப்பது வழக்கம். இந்த இரண்டாவது பதிவை அது எழுதுமா என்று பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

அந்தக் குற்றத்துக்கு அபராதம் 1,000 பவுண்டுக்கு மேற்படாது என்பதால் சிலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆபரேட்டர் தகுதியும் யோக்கியதையும் உள்ளவரா என்பதே லைசென்ஸுக்கு உரைகல். ஒரு கவுன்சிலில் ஏற்பட்ட கறையை மற்ற இரண்டும் விண்ணப்பத்திலேயே கேட்டறியும்.

மற்றொன்று: பயணியோடு ஆபரேட்டரே நேரடியாக ஒப்பந்தம் செய்ய வேண்டுமென்பது லண்டனில் கட்டாயம் என்று 2021இல் உயர் நீதிமன்றம் கூறிற்று, லண்டனுக்கு வெளியே அக்கட்டாயமில்லை என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலால் ஸ்லவ் ஒப்பந்தப் படிவத்தையே ஹாரோவுக்கும் அச்சடித்துவிடாதீர்கள். வாட் வரிக் கணக்கும் இதனால் வேறுபடக்கூடுமாகையால் கணக்காளரைக் கலந்துகொள்ளுங்கள்.

கிளைக்குக் கட்டடம் பார்த்திருப்பீர்களானால், அதை மினிகேப் ஆபீஸாக உபயோகிக்கக் கட்டடத் திட்ட அனுமதி தனியே தேவைப்படும். அது கிடைக்குமா என்று தெரியுமுன் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம்.