ஒரு போன் போதும், தங்கச்சி!

சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறாய். ரொம்ப நல்ல காரியம். ஆளுக்கொரு போன் இல்லையே என்று கவலைப்படாதே. உன் போன் ஒன்று போதும். ஆனால், போன் பேசுவதைவிடப் பிள்ளைகள் அதிகம் பேச வேண்டும். வீடியோவைப் போட்டுவிட்டு நீ எழுந்து போனால் அது டியூஷன் இல்லை, டிவி.

சின்னவர்களுக்கு கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலி. 2019-ல் ‘போலோ’ என்ற பெயரில் நம் நாட்டில்தான் முதலில் வந்தது, தமிழும் உண்டு. கதைகளை இறக்கி வைத்துவிட்டால் நெட் தேவையில்லை. தீவுக்கான இங்கிலீஷ் சொல்லை ‘ஐஸ்லாண்ட்’ என்று ஒரு பிள்ளை வாசிக்கிறது என்று வை. நீ எல்லோர் முன்னாலும் திருத்தினால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அது மறுபடி வாயே திறக்காது. அந்தச் சொல்லைத் தொட்டால், செயலியில் வரும் ‘தியா’ உச்சரித்துக் காட்டுவாள். பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். சத்தத்தில் மைக் குழம்பும், அதனால் வாசிக்கிற பிள்ளையைத் திண்ணைக்கு அனுப்பு.

பெரிய பிள்ளைகளுக்கு இது சரிவராது, ‘பேபி கதை’ என்பார்கள். அவர்களுக்கு வீட்டுப் போனில் வாய்ஸ் ரெக்கார்டர். வேலைக்கு இன்டர்வியூ போனால் தன்னைப் பற்றிச் சொல்ல ஐந்து வாக்கியம். பதிவு செய்யட்டும், கேட்கட்டும், அழித்துவிட்டு மறுபடி பேசட்டும். திருப்தியானதை மட்டும் உனக்கு அனுப்பினால் போதும். கூச்சம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வீட்டில் பட்டன் போன்தானா? அதுவும் போதும். வங்கதேசத்தில் 2009-ல் தொடங்கிய ‘பிபிசி ஜானாலா’, சாதாரண போனில் நம்பரை அழுத்தினால் மூன்று நிமிட இங்கிலீஷ் பாடம் சொன்னது. நீயும் இரண்டு பிள்ளைகளை கான்ஃபரன்ஸ் காலில் போட்டு, மூன்று நிமிடம் இங்கிலீஷிலேயே பேச வை.

அன்றாட டேட்டாவில் மிச்சம் இருப்பது நடுராத்திரியோடு போய்விடும். படுக்கும் முன் மறுநாள் பாடத்தை இறக்கிவிடு.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மெனக்கெடு. அண்ணன் கையில் தாராளமாகப் போகிற போன் தங்கை கைக்கு வருவதில்லை. நேரில் போய், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாசிக்க வை. அப்பா போனில் ஜிபே இருக்கிறதே என்று பயந்தால், செட்டிங்ஸில் ‘ஆப் பின்னிங்’ போட்டுக் காட்டு. திறந்த செயலியைவிட்டு வெளியே வர அப்பாவின் பின் நம்பர் கேட்கும்படி வைத்துவிடலாம். அரை மணி நேரத்துக்குப் போனைக் கேள், கிடைக்கும்.