வலது மூலை

16,500 வெள்ளி. தொகையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டால் என் மச்சான் ஊரெல்லாம் இருபத்தையாயிரம் என்று சொல்லிக்கொண்டிருப்பான். அந்தக் காசுக்கு நான் வாங்கியது பழைய கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அப்புறம் அதைச் 'சரிசெய்ய' என்று பதினொரு மாதத்தில் இன்னொரு 7,000 வெள்ளி போனது. அதில் உண்மையிலேயே தேவைப்பட்டது அறுநூற்றிருபது. பாக்கியெல்லாம் என் வீட்டு வலது மூலையை நான் திரும்பிப் பார்க்காததற்குக் கட்டிய அபராதம்.

ஹார்ன் ஸ்பீக்கர் என்றதும் நம்மவர்களுக்குக் கோயில் குழாய்தான் ஞாபகம் வருகிறது. சாமான் வந்து இறங்கிய அன்றே என் மனைவி கேட்டாள்: "தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடப் போறீங்களா, இல்ல வீட்டுக்குள்ளயே குழாய் கட்டப் போறீங்களா?" கேலிதான், ஆனால் தப்பான கேள்வி இல்லை. இரண்டுக்கும் தத்துவம் ஒன்று. நாகஸ்வரத்தையே பாருங்கள். சீவாளியைத் தனியாக எடுத்து ஊதினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதையே குழலில் செருகி, முனையில் அணசும் விரிந்து நின்றால் நாலு தெருவுக்குக் கேட்கிறது. ஊதுகிறவரின் மூச்சு அதற்குள் கூடிவிடவில்லை. சின்னதாக அசைகிற பொருளுக்கு வெறும் காற்றில் பிடி கிடைக்காது, வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் கொஞ்சமாக விரிகிற குழாய் அந்தப் பிடியைக் கொடுக்கிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தள்ளி, 88 டெசிபல் கொடுக்கிறது என்று வையுங்கள். கிளிப்ஷ்ஹார்ன் 105-ஐத் தொடும். வித்தியாசம் 17 டெசிபல், அதாவது ஐம்பது மடங்கு சக்தி. மச்சான் வீட்டு ஸ்பீக்கர் ஐம்பது வாட்டில் சொல்வதை இது ஒரு வாட்டில் சொல்லும். இதை அவனிடம் நான் பலமுறை சொல்லியாகிவிட்டது.

விற்றவர் பெயர் வேண்டாம். பினாங்குத் தீவின் வடக்குப் பக்கம், கடலைப் பார்த்த பங்களா. கூடத்தில் இரண்டு மூலைகளிலும் சிமெண்டுச் சுவர், தரையில் சலவைக்கல். என் ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வர ரிகார்டைத்தான் கொண்டுபோயிருந்தேன். தோடி ஆரம்பித்துத் தவிலின் தொப்பிப் பக்கம் விழுந்தபோது அடிவயிற்றில் அந்த அடியை உணர்ந்தேன். நாற்காலியை விட்டு எழாமலே விலை பேசினேன். "வீட்டில் இடம் இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டார். இருக்கு என்றேன். "மூலை இருக்கா?" என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மூலை இல்லாத வீடு உண்டா?

உண்டு. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, போருக்கு முந்திய கடைவீடு என்னுடையது. கீழே அஞ்சடி நடைபாதையும் வாடகைக்கு விட்ட கடையும், மேலே நாங்கள். தெருவைப் பார்த்த பக்கம் முழுவதும் மரச் சட்டப் பலகணி. அங்கே சுவரே கிடையாது. அதனால் ஸ்பீக்கர்களைக் கூடத்தின் உள்பக்கச் சுவரில்தான் நிறுத்த முடிந்தது. அந்தச் சுவரின் இடது பாதி முற்றத்தை ஒட்டிய செங்கல். வலது பாதி, மாடிப்படியை மறைக்க எந்தக் காலத்திலோ யாரோ அடித்த அரை அங்குலப் பலகை. அதுவும் இரண்டடி ஓடிப் படி வாயிலில் முடிந்துவிடுகிறது. சுண்ணாம்பு ஒரே நிறத்தில் அடித்திருந்ததால் பார்வைக்கு இரண்டும் சுவர்தான். உங்கள் வீடும் இதே மாதிரிதான் இருக்கும், போய்ப் பாருங்கள்.

ஏற்றியது, பொருத்தியது எல்லாம் பெரிய கதை இல்லை. மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் தனித்தனியாகக் கழலும். லோரிக்காரர்கள் பலகணி வழியாகக் கயிறு போட்டுத் தூக்கினார்கள்.

முதல் ரிகார்டிலேயே தெரிந்துவிட்டது. பாட்டு நடுவில் நின்றது, நாகஸ்வரமும் நடுவில்தான். தவில் மட்டும் இடதுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. வலது ஸ்பீக்கரில் கீழ் ஸ்வரம் ஒல்லியாக, தகர டப்பாவைத் தட்டுவது போல. விற்றவரைக் கூப்பிட்டேன். "ஒயர் சரியில்லை" என்றார். அவரே ஒரு ஒயர் வைத்திருந்தார், 1,200 வெள்ளி. மாற்றினேன். தவில் இடம் மாறவில்லை. அடுத்து "உங்க ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு பத்தலை" என்றார். 200 வாட்டில் ஒன்று, 4,500 வெள்ளி. ஒரு வாட்டுக்கு 105 டெசிபல் கத்துகிற பெட்டிக்கு இருநூறு வாட்டு எதற்கு என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்பான், நான் கேட்கவில்லை. அதன் ஒரே பலன், பாட்டு இல்லாத நேரத்திலும் ஸ்பீக்கரிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். இவ்வளவு காது கூர்மையான ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சலையும் விடாமல் எடுத்துக் காட்டும். பிறகு கீழ் ஒலி தருகிற பதினைந்தங்குல வூஃபர் போய்விட்டது என்று நானாகவே முடிவு செய்து, இன்னொன்று 700 வெள்ளிக்கு. அதுவும் அதே குரலில்தான் பேசியது.

இந்த ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய பால் கிளிப்ஷ் 1946-இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சின்ன ஊரில் இதைச் செய்ய ஆரம்பித்தார். கோட்டு மடிப்புக்கு உள்ளே மஞ்சள் பட்டன் ஒன்று குத்தியிருப்பாராம். யாராவது அளந்து விட்டால் மடிப்பைத் திருப்பிக் காட்டுவார். அதில் இருந்த வார்த்தையை நாகரிகமாகச் சொன்னால் 'மாட்டுச் சாணி'. அந்தப் பட்டன் ஒன்று என்னிடம் இருந்திருந்தால் 1,200 வெள்ளி மிச்சம்.

செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இடது ஸ்பீக்கரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி வைத்துப் பார்ப்பது. குறை ஸ்பீக்கரோடு போகிறதா, மூலையிலேயே நிற்கிறதா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஆனால் ஒன்று எண்பது கிலோவுக்குக் கிட்ட, எனக்கு இடுப்பு வலி, மச்சானைக் கூப்பிட மனமில்லை. பதினொரு மாதம் அப்படித்தான் போனது.

கடைசியில் கண்டுபிடித்தவர் லோரோங் கூலிட் சந்தையில் பழைய ரிகார்டு புரட்டும்போது பழக்கமான ஒரு சீன அங்கிள். தியேட்டரில் முப்பது வருஷம் படம் ஓட்டியவர். மேலே வந்தார், ஸ்பீக்கரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வலது மூலைக்குப் போய்ச் சுவரைக் விரல் கணுவால் தட்டினார். தொக், தொக். இடது மூலையில் தட்டினார். சத்தமே இல்லை. "ஸ்பீக்கர் தாக் ரோசாக். ரூமா லு ரோசாக்" என்றார். ஸ்பீக்கர் கெடவில்லை, கெட்டது உன் வீடு. காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஹார்னின் வாய்ச் சுற்றளவு, அது எடுத்துத் தர வேண்டிய மிகக் கீழான ஒலியின் அலைநீளம் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். அப்படியானால் வாயின் குறுக்களவு இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும். என் கூடத்தில் பாதி அதற்கே போய்விடும். கிளிப்ஷ் செய்த தந்திரம், பெட்டியை மூலையில் ஒடுக்கியது. தரை ஒன்று, சுவர் இரண்டு, மூன்றும் சேர்ந்து கண்ணாடி போல வேலை செய்ய, எட்டில் ஒரு பங்கு வாயே போதும். பழைய கிளிப்ஷ்ஹார்னுக்குப் பின்பக்கம் மூடியே இராது. ஒலி பெட்டிக்குள் மடிந்து மடிந்து வந்து, கடைசி நடையை உங்கள் சுவரை ஒட்டித்தான் நடக்கும். ஆக ஹார்னின் கடைசித் துண்டு உங்கள் வீடு. நான் இடதுபக்கம் முழு ஸ்பீக்கரும் வலதுபக்கம் முக்கால் ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பரிகாரம் 340 வெள்ளி. 18 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு ஒரு தாளை இரண்டாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்று பசை போட்டு ஒட்டி, பின்னால் சட்டம் அடித்து, நாலடிப் பொய்ச் சுவர் ஒன்று செய்தோம். அதில் இரண்டடி படி வாயிலை அடைத்தது. மனைவி துணிக்கூடையோடு ஏற முடியாது என்றாள். அதனால் அந்தப் பாதிக்குக் கீல் போட்டு, கேட்கும் நேரத்தில் மூடித் தாழ்ப்பாள் இறுக்கும்படி ஆசாரி செய்து கொடுத்தார். பெட்டியின் பின்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருக்கக்கூடாது. ஏர்கான் செப்புக் குழாய்க்குப் போடுகிற கறுப்பு நுரைக் குழல் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டி, பெட்டியை அழுத்தித் தள்ளினால் போதும். இடது மூலையிலும் சுவரின் அடிப்பலகை இடித்து ஒரு விரல் இடைவெளி இருந்தது. அங்கே அந்தப் பலகையை வெட்டி எடுத்தேன். அன்று இரவு தவில் எழுந்து நடுவுக்கு வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முன்னாடி எங்க இருந்துச்சு?" என்றாள்.

மற்றவை சில்லறை. ஒலியைப் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரில் இருந்த பழைய கெப்பாசிட்டர்களை அதே அளவில் மாற்றினேன், 280 வெள்ளி, மேல்ஸ்தாயி திறந்தது. 'இன்னும் பெரிதாகப் போடு' என்று புத்தி சொல்பவரை நம்பாதீர்கள், அளவு மாறினால் எங்கே எந்த ஸ்பீக்கர் பாட வேண்டும் என்பதே மாறிவிடும். நடு ஹார்ன் அலுமினிய வார்ப்பு, தட்டினால் குத்துவிளக்கு மாதிரி கணகணத்தது. காரின் கதவுக்குள் ஒட்டுகிற தார்த் தாளை அதன் வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டினேன், வாய்க்குள் ஒட்டக்கூடாது. 200 வாட்டுப் பூதத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, இ.எல். 84 வால்வு போட்ட பன்னிரண்டு வாட்டுப் பெட்டி வாங்கினேன். இரைச்சல் போயிற்று. பழையது வாங்கப் போகிறவர்கள் பெட்டியைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் கரையான் முதலில் அங்கேதான் குடியேறும்.

வீட்டில் மூலையே இல்லையென்றால்? 1959-இல் வந்த கார்ன்வால் இருக்கிறது. 'கார்னர்' என்கிற மூலையிலும் வைக்கலாம், 'வால்' என்கிற சுவரோரமும் வைக்கலாம் என்பதால்தான் அந்தப் பெயர். 1963-இன் லா ஸ்காலாவில் கீழ் ஒலிக்கும் ஹார்ன்தான், மூலை கேட்காது. ஆனால் அவ்வளவு ஆழம் இறங்காது. அது ராக்கஃபெல்லர் குடும்பத்து வின்த்ரோப்பின் கவர்னர் தேர்தல் பிரசாரத்துக்கென்று செய்த பெட்டியாம். அங்கேயும் அரசியலுக்குக் குழாய்தான். மச்சான் இந்த இரண்டையும் முதலிலேயே சொன்னதாக இப்போது சொல்கிறான். அவன் சொன்னது "எதுக்கு இந்தப் பீரோ?" என்பது மட்டும்தான். நான் இதை விற்கப் போவதில்லை. ஹார்ன் கத்தும், காது குத்தும் என்கிற அவன் சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுவிட்டுப் பேசட்டும்.

கீல் போட்ட கதவில் மனைவி கோயில் காலண்டரை மாட்டியிருக்கிறாள். தவில் கனமாக இறங்குகிற இடத்தில் அது சடசடக்கிறது. பாட்டுக்கு முன்னால் கழற்றிவைத்து, முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுகிறேன்.