மஞ்சு மூடிய நாட்களில் ஜெனரேட்டர் கொண்டு பாட்டரி ஏற்றும் முறை

ஐப்பசி பிறந்து பருவமழை கொடைக்கானல் மேல்மலையில் நிலைகொண்டுவிட்டால், பூம்பாறை தொட்டு மன்னவனூர், கவுஞ்சி வரையில் மஞ்சு இறங்கி அசையாமல் கிடப்பதும், கூரைமேல் உள்ள சோலார் தகடுகள் பெயருக்கு இரண்டொரு ஆம்பியர் கொடுப்பதும், அந்த நேரம் பார்த்து மின்கம்பியின்மேல் மரம் சாய்வதும் வருஷந்தோறும் நடப்பவையே. 2018 நவம்பரில் கஜா புயல் இம்மலையைக் கடந்து சென்ற பிறகு ஜெனரேட்டர் வாங்கியவர்கள் பலர். அதைக் கிரமமாக உபயோகிப்பவர்கள் சிலரே.

ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களுக்கு எட்டத்தில் வையுங்கள். குளிருக்குக் கதவடைத்த வீட்டினுள் அதன் புகை புகுந்தால், வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே பிராணனைக் கொண்டுபோய்விடும். மின்வாரிய இணைப்புக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் அவசியம். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனை உத்தேசித்தாவது இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஜெனரேட்டரின் முகப்பில் உள்ள 12 வோல்ட் துளையைப் பாட்டரிக்கு நேராக இணைக்கும் சாமர்த்தியத்தை நான் அனுமதிப்பதில்லை. அதன் எட்டு ஆம்பியர் சொற்பமானது, கட்டுப்பாடும் அற்றது. இன்வெர்ட்டரின் வழியாகவே ஏற்றுங்கள்.

அடுத்தது கணக்கு. 150 ஆம்பியர்-ஹவர் கொண்ட இரண்டு ட்யூபுலர் பாட்டரிகளை வரிசையாக இணைத்த 24 வோல்ட் அமைப்புக்கு, பத்தில் ஒரு பங்கான 15 ஆம்பியரே உசிதம். அது பாட்டரியில் சேரும்போது ஏறக்குறைய 420 வாட். இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் பவர் ஃபாக்டரையும் சேர்த்தால் ஜெனரேட்டரிடம் அது கேட்பது 750 வோல்ட்-ஆம்பியருக்குக் குறையாது. இந்த உயரத்திலோ காற்று மெலிந்திருப்பதனால், ஆயிரம் மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் பெட்ரோல் இயந்திரம் தன் பலத்தை இழந்துவிடுகிறது. ஆகையால் ஒரு கே.வி.ஏ. என்று எழுதியிருப்பதை நம்பாமல் இரண்டு கே.வி.ஏ. வாங்குவதே விவேகம். ஏற்றும் நேரத்தில் ஹீட்டர், மிக்ஸி, மோட்டார் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

ஜெனரேட்டர் ஓடியும் இன்வெர்ட்டர் ஏற்க மறுக்கிறதென்று புகார் சொல்வோர் அநேகர். பின்புறத்து விசை 'யு.பி.எஸ்.' நிலையில் இருந்தால் அது சுமார் 180 முதல் 260 வோல்ட் வரையிலான சீரான மின்சாரத்தையே அங்கீகரிக்கும். மற்றொரு நிலைக்குத் தள்ளி, இயந்திரம் ஐந்து நிமிஷம் சூடேறிய பிறகு சுமையைக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

பெட்ரோல் வீணாவது பெரும்பாலும் நேரந்தெரியாமல் ஓட்டுவதால்தான். விளக்கு வைக்கும் வேளையில் ஆரம்பித்து, பாட்டரி முழுதும் நிரம்பும்வரை ஓட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. எண்பது சதவீதம் வரையில் பாட்டரி தாராளமாக மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். அதற்குமேல் ஒவ்வோர் ஆம்பியராகக் குறைத்துக்கொண்டு, மிஞ்சிய சொற்பத்திற்கு மணிக்கணக்கில் காக்க வைக்கும். அந்த அற்பக் கரண்டுக்காக இரண்டு கே.வி.ஏ. இயந்திரம் ஓடுவது பணம் படைத்தவரும் செய்யத்தகாத காரியம். ஆதலால் விடியற்காலையில் ஓட்டுங்கள். பாதி இறங்கிய பாட்டரி மூன்று மணி நேரத்தில் எண்பதைத் தொட்டுவிடும்; ஆம்பியர் மீட்டரின் முள் இறங்கத் தொடங்கியதும் தயங்காமல் நிறுத்திவிடுங்கள். மஞ்சுக்குள்ளிருந்து தகடுகள் கொடுக்கும் மெலிந்த மின்சாரம் எஞ்சிய பங்கைப் பகல் முழுதும் மெல்ல மெல்ல நிரப்புவதற்கே பொருத்தமானது. மஞ்சு வாரக்கணக்கில் விலகாவிட்டால் மட்டும், ஈயத்தகடுகளில் சல்ஃபேட் படியாதிருக்கும்பொருட்டு, ஒருமுறை ஜெனரேட்டராலேயே முழுதும் ஏற்றிவிடலாம். குளிரில் பாட்டரி சற்று அதிக வோல்ட் கேட்கும் என்பதால், இன்வெர்ட்டரில் வெப்ப சென்சார் இருந்தால் அதைப் பாட்டரியோடு ஒட்டவையுங்கள். லித்தியம் பாட்டரி வைத்திருப்பவர்கள், உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலத்தை விட்டு, பாட்டரி சற்று வெதுவெதுப்பான பிறகே ஏற்ற வேண்டும்.

ட்யூபுலர் பாட்டரியை ஏற்றி முடித்த பிறகே அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும். மழை ஓய்ந்து ஜெனரேட்டரை மூலையில் வைக்குமுன், பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியில் மெக்கானிக்கைத் தேடிக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.