மொட்டு கிளம்பும் திசை



பதநீர்க் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்கென்று கேட்டிருந்தாய். சாற்றில் ஈஸ்ட் பெருகிப் புளிக்காதிருப்பதற்கே. ஆனால் அந்த ஈஸ்ட் பெருகும் விதம் புளிப்பைக் காட்டிலும் விசித்திரமானதாகையால், இன்று அதையே விஸ்தாரமாகச் சொல்லுகிறேன்.

பாப்பாரப்பட்டி பேக்கரியில் சிறிது ஈஸ்ட் வாங்கிச் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு மணி நேரம் கழித்து அதில் ஒரு துளியைப் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தாயானால், ஏறக்குறைய 200 சேர்ந்து நின்றால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகக்கூடிய உருண்டைகளில் சில, விலாவில் ஒரு சின்ன மொட்டைத் தாங்கி நிற்பதைக் காண்பாய். அம்மொட்டே வளர்ந்து, தாயின் நியூக்ளியஸ் பிளவுபட்டு அதில் ஒரு பாதியையும் பெற்று, மகளாகப் பிரிகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1940களிலேயே எம். கே. சுப்ரமணியம் ஈஸ்டின் குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி ஆராய்ந்தார். ஆயினும் மொட்டு கிளம்பும் பக்கத்தை நிர்ணயிப்பது எது என்பது அடுத்த தலைமுறைக்கே புலப்பட்டது.

மகள் பிரிந்த இடத்தில் தாயின் சுவரில் கைட்டின் என்னும் பொருளாலான வளையத் தழும்பொன்று தங்கிவிடுகிறது. குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதியாக உள்ள ஈஸ்ட், அத்தழும்பை ஒட்டியே அடுத்த மொட்டை விடும். இரட்டைத் தொகுதி உடையதோ இரு துருவங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அங்கே நிலைத்திருக்கும் அடையாளப் புரதங்கள் ஆர்எஸ்ஆர்1 என்னும் தூதன் மூலம் சிடிசி42 என்ற புரதத்தை வரவழைக்க, அது ஆக்டின் என்னும் புரத இழைகளை அவ்விடம் நோக்கி ஒழுங்குபடுத்த, அவ்விழைகளின் வழியே சுவருக்கான சரக்கு வந்து குவிகிறது. அந்தச் சிடிசி42 செயலிழந்தால், உயிரணு மொட்டின்றி வீங்கிப் பெருத்துக்கொண்டே போகும். 1990இல் ஜான் பிரிங்கிளும் அவர் சகாக்களும் இதை விவரித்தார்கள்.

எனக்குப் பேராச்சரியம் விளைவிப்பது இனித்தான் இருக்கிறது. தூதனை நீக்கிவிட்டாலும் மொட்டு நிற்பதில்லை; கண்ட இடத்தில் கிளம்புகிறது; ஆயினும் ஒன்றே கிளம்புகிறது! தற்செயலாக ஓரிடத்தில் சற்று மிகுதியாகச் சேர்ந்த சிடிசி42, பெம்1 என்னும் துணைப்புரதத்தின் உதவியால் தன் இனத்தையே மேலும் மேலும் அங்கே இழுப்பதாலும், உள்ளிருக்கும் இருப்பு அளவுக்குட்பட்டதாதலால் மற்றக் கூட்டங்கள் வறண்டு கலைந்துவிடுவதாலும் ஒரு திசை மட்டுமே வெல்லுகிறது. ஏறத்தாழ இதே புரதம், நூற்றுக்கு 80 பங்கு ஒற்றுமையோடு, உன் உடம்பிலும் உண்டு. இரத்தத்தின் வெள்ளணு கிருமியிருக்கும் பக்கம் திரும்பி நகர்வதில் அதற்கும் பங்குண்டு.