காரணியமும் முதன்மை எண்களின் வலுக்களும்

மாணவர்களே, 1×2×3×4×5 என்னும் பெருக்கத்தை 5! எனச் சுருக்கி எழுதுவர். இது 5 இன் காரணியம் எனப்படும். 5! = 120; 10! = 3628800.

வினா: 100! இன் பெறுமானம் இறுதியில் எத்தனை பூச்சியங்களைக் கொண்டிருக்கும்?

100! என்பது 158 இலக்கங்களைக் கொண்ட எண். அதைப் பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. 10 = 2×5 ஆதலால், ஒரு 2 உம் ஒரு 5 உம் சேரும்போதெல்லாம் ஒரு பூச்சியம் கிடைக்கும். 5 கள் குறைவாகவே இருப்பதால் அவற்றை மட்டும் எண்ணினால் போதும்.

5 இன் மடங்குகள்: 100 ÷ 5 = 20
25 இன் மடங்குகள்: 100 ÷ 25 = 4
மொத்தம்: 20 + 4 = 24

விடை: 24 பூச்சியங்கள்.

கவனிக்க: பலர் 20 என எழுதிவிட்டு நின்றுவிடுவர். 25, 50, 75, 100 ஒவ்வொன்றிலும் இரண்டு 5 கள் உண்டு. இரண்டாவது 5 ஐ எண்ண மறந்தால் விடை பிழைக்கும்.

பொதுமுறை: எண்ணை முதன்மை எண்ணால் வகுத்து, மீதியை விட்டு, ஈவை மீண்டும் மீண்டும் வகுக்குக. ஈவுகளின் கூட்டுத்தொகையே தேவையான சுட்டி. இது பிரான்சியக் கணிதவியலாளர் லெஜாந்தரின் (1752–1833) பெயரால் வழங்கும் சூத்திரமாகும்.

2 இன் வலுக்கள் தரும் எண் கோலம்

1! முதல் 8! வரை 2 இன் சுட்டிகள் முறையே:
0, 1, 1, 3, 3, 4, 4, 7

ஒற்றை எண்ணில் 2 காரணியாக இல்லாததால் அங்கே முந்திய பெறுமானமே மீண்டும் வருகிறது. இன்னுமொரு சிறப்பு: எண்ணைத் துவித எண்ணாக எழுதி, அதிலுள்ள 1 களின் எண்ணிக்கையைக் கழித்தாலும் இதே சுட்டி கிடைக்கும்.

உதாரணம்: 7 இன் துவித வடிவம் 111. ஆகவே 7 − 3 = 4.
100 இன் துவித வடிவம் 1100100. ஆகவே 100 − 3 = 97.
சரிபார்த்தல்: 50+25+12+6+3+1 = 97.

பயிற்சி
1. 30! ஐ மீதியின்றி வகுக்கும் 3 இன் மிகப் பெரிய வலு யாது?
2. 30! ஐ மீதியின்றி வகுக்கும் 12 இன் மிகப் பெரிய வலு யாது?
3. சரியாக 5 பூச்சியங்களில் முடியும் காரணியம் உண்டா?

விடைகள்
1. 10+3+1 = 14. வலு 3¹⁴.
2. 12 = 2²×3. 2 இன் சுட்டி 15+7+3+1 = 26. எனவே 2² ஆனது 13 தடவை கிடைக்கும். 3 ஆனது 14 தடவை. சிறியதையே எடுக்க வேண்டும். வலு 12¹³. பெரிய முதன்மைக் காரணியை மட்டும் பார்த்து 14 என எழுதாதீர்கள்.
3. இல்லை. 24! இல் 4 பூச்சியங்கள், 25! இல் 6 பூச்சியங்கள். காரணத்தை உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். அதை எழுத முடிந்தால் பாடம் விளங்கிவிட்டது.